பரண்மீது ஒரு வழக்கு: பழைய இசை நாடகங்களும் இன்றைய விழுமியங்களும்

பழைய இசை நாடகம் ஒன்றை இன்றைய சமூக விழுமியங்களைக் கொண்டு அளக்கலாமா என்னும் கேள்வி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரும்பாலும் அச்சிட்ட பிரதியைச் சுற்றியே எழுகிறது. 1945இல் அரங்கேறிய ‘கரோசல்’ நாடகத்தில், அடித்தவனின் கை முத்தம்போலவும் தோன்றக்கூடும் என்னும் பொருள்பட அமைந்த உரையாடல் 2018ஆம் ஆண்டு நியூயார்க் மறு அரங்கேற்றத்தில் நீக்கப்பட்டது. 1927இன் ‘ஷோ போட்’ நாடகத் தொடக்கப் பாட்டில் கறுப்பின மக்களைக் குறித்த இழிசொல், அடுத்தடுத்த அரங்கேற்றங்களில் வேறு வேறு சொற்களாக மாறிக்கொண்டே வந்தது. 1885இன் ‘மிக்காடோ’, ஜப்பானிய இளவரசரின் வருகையை முன்னிட்டு 1907இல் லண்டனில் நிறுத்திவைக்கப்பட்டது. வெள்ளையர் ஜப்பானியராக வேடம் புனைவதற்கு எழுந்த எதிர்ப்பால் 2015இல் நியூயார்க் குழு ஒன்று அதைக் கைவிட்டது. இவற்றிலெல்லாம் வழக்கின் பொருள் ஒரு சொல், ஒரு வரி, அல்லது ஒரு வேடம். பிரதி கையில் இருப்பதால் எந்த வரியை வெட்டுவது, எந்த வரியை விடுவது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

தமிழ் இசை நாடகத்தின் நிலை வேறு. இங்கே இசை நாடகம் என்பது பாட்டும் வசனமும் விரவி, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் மேடை வடிவம். தெருக்கூத்துக்கும் பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலை மேடைக்கும் பிறந்த பிள்ளை என்று அதைச் சொல்லலாம். இதன் பாடல்கள் ஓரளவு நிலைத்தவை. வசனமோ அன்றைய இரவில் நடிகர் நாவில் பிறப்பது. எனவே, ‘வள்ளி திருமணம்’ பெண்ணை இழிவுபடுத்துகிறதா என்று கேட்பவர், எந்த இரவின் வள்ளி திருமணம் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். இக்கட்டுரை அந்தக் கேள்வியை நீலகிரி மலையிலிருந்து பார்க்கிறது. பெரிய நாடகக் கொட்டகைகளுக்கோ சபைகளுக்கோ பெயர்பெற்ற இடமன்று அது. ஆயினும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இசை மரபுகள் அங்கே ஒரே மலையில் அருகருகே வாழ நேர்ந்ததால், ஒரு கலை தன் காலத்து மனிதரை எப்படி நடத்தியது என்பது அங்கே மூன்று விதமாகத் தெரிகிறது.

முதல் மரபு மலையின் பழங்குடிகளுடையது. தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாரும் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். இரண்டாவது, சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோரும் கடை வைக்க வந்தோரும் கொண்டுவந்த இசை நாடகம். மூன்றாவது, இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக எண்ணப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவ்வாறு வந்தோருக்கு வேலையளிக்கவே வனத்துறை 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976இல் அது ‘டான்டீ’ என்று அழைக்கப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் லைன் வீடுகளில் குடியேறிய அம்மக்களோடு அவர்களுடைய தப்பு வாத்தியமும், அவர்களுடைய கூத்தும் வந்தன.

இரண்டாவது மரபிலிருந்து தொடங்குவது பொருந்தும், ஏனெனில் ‘பழைய இசை நாடகம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் முதலில் நினைவுக்கு வருபவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த அவர், சிதறிக்கிடந்த புராண, நாட்டார் கதைகளை மேடைக்கேற்ற பாடல்களும் வசனமுமாக வரையறுத்தார். சிறுவர்களைக் கொண்டு ‘பாய்ஸ் கம்பெனி’ நடத்தினார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘அல்லி அர்ச்சுனா’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ முதலியவை அவரால் நிலைபெற்றவை. கம்பெனிகள் சிதைந்த பிறகு இந்நாடகங்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற ஏற்பாட்டுக்கு மாறின. ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் எனப்படும் நாயகன் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் எனப்படும் நாயகி வேறோர் ஊரிலிருந்தும், கோமாளியான பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தமாகி, திருவிழா நடக்கும் ஊரில் முதன்முறையாக ஒருவரையொருவர் சந்தித்து, ஒத்திகையின்றி அன்றிரவே நடிப்பர். எல்லோரும் ஒரே பாடத்தை அறிந்திருப்பதால் இது சாத்தியமாகிறது. அந்தப் பாடத்துக்கு நடுவே யார் என்ன பேசுவார் என்பது யாருக்கும் தெரியாதிருப்பதால் இது சுவைக்கிறது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை ‘தர்க்கம்’. தர்க்கம் என்றால் மேடையில் இரு பாத்திரங்கள் பாட்டாலும் வசனத்தாலும் வாதிட்டுக்கொள்வது. ‘வள்ளி திருமண’த்தில் அது இரு முறை நிகழ்கிறது. வேடர் தலைவன் நம்பிராசனின் மகளான வள்ளி, தினைப்புனத்துப் பரண்மேல் கவணும் கையுமாக நின்று பறவை ஓட்டுகிறாள். மேடையின் ஒருபுறம் ஆர்மோனியக்காரர், மறுபுறம் மிருதங்கமும் ‘ஆல்ரவுண்ட்’ எனப்படும் பலவாத்தியக்காரரும். இவர்களுக்கு நடுவே ஒரு பலகையோ பெஞ்சோ பரணாகிவிடும். நாரதர் வந்து அவளுக்கு முருகனை மணம் பேசுகிறார். அவள் மறுக்கிறாள். திருமணம் எதற்கு, பெண் ஏன் ஒருவனுக்கு அடங்க வேண்டும், ஆண் உயர்வா பெண் உயர்வா என்று வாதம் நீள்கிறது. வல்ல நடிகை வாய்த்துவிட்டால் நாரதர் திணறுவதும், ஆர்மோனியக்காரர் குறுக்கே புகுந்து அவரைக் கைதூக்கி விடுவதும், கூட்டம் வள்ளியின் பக்கம் சாய்வதும் உண்டு. பின்னர் முருகன் வேடனாக வந்து அடுத்த தர்க்கம். இறுதியில் கிழவனாக வந்து, அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்து, அஞ்சிய பெண் தன்னைத் தழுவும்படி செய்கிறான்.

இன்றைய அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் கதை தேறாது. மறுத்த பெண்ணை ஏமாற்றியும் அச்சுறுத்தியும் இணங்கவைப்பது காதலாகாது என்பதை ஒரு பள்ளி மாணவியும் சொல்லிவிடுவாள். ஆனால் கதையின் முடிவைப் பாடலும் புராணமும் முன்பே எழுதிவிட்டன. இரவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது அந்த முடிவு அன்று. மணிக்கணக்கில் நடக்கும் தர்க்கத்தில் வள்ளி தோற்பதில்லை, தோற்கவும் கூடாது. தோற்றுவிட்டால் ஸ்திரீபார்ட்டுக்கு அடுத்த ஊரில் அழைப்பு குறையும். ஆண் தந்திரத்தால் வெல்கிறான் என்பதைக் கதை ஒத்துக்கொள்கிறது. வாதத்தால் வென்றான் என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. பார்வையாளர் விடியலில் வீட்டுக்கு எடுத்துச்செல்வது யானையையா, பரண்மேல் நின்ற பெண்ணின் பேச்சையா என்பதில்தான் இந்நாடகத்தின் மதிப்பு அடங்கியிருக்கிறது. பிரதியை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவோர் இந்தப் பாதியைக் காண்பதில்லை.

தினைப்புனக் காட்சி எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு விடுதலைப் போராட்டக் காலமே சான்று. சிவகாசிப் பக்கத்தில் மருத்துவர் எனப்படும் நாவிதர் சமூகத்தில் பிறந்த விசுவநாததாஸ், மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாடலைக் கொண்டு, தினைப்புனத்தில் பறவை ஓட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்குகளை விரட்டினார். எந்தக் கொக்கு என்பது கொட்டகையில் இருந்த போலீஸ்காரருக்கும் விளங்கியது. பலமுறை சிறைசென்ற அவர், 1940ஆம் ஆண்டின் கடைசி இரவில், சென்னையில் மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர்விட்டார். பக்திக் கதை மாறாமலே அதன் பொருள் மட்டும் அன்றைய தேவைக்கேற்ப மாறியது. காலத்தின் விழுமியம் பழைய நாடகத்துக்குள் நுழைவதற்கு விமர்சகரின் அனுமதி வேண்டியிருக்கவில்லை.

வள்ளியை நீலகிரியில் வைத்துப் பார்க்கும்போது மற்றொரு சிக்கலும் எழுகிறது. வள்ளி மலைமகள். தினையும் சாமையும் ராகியும் விதைத்து, பறவைக்கும் பன்றிக்கும் யானைக்கும் காவல் காத்த வாழ்க்கை, குறும்பருக்கும் இருளருக்கும் புராணம் அன்று. நினைவுக்கு எட்டிய நடைமுறை. சமவெளி மேடை அந்த மலைமகளை எப்படிக் கண்டது? குற்றாலக் குறவஞ்சி போன்ற சிற்றிலக்கியங்களில் தொடங்கி, குறி சொல்லும் குறத்தி, வேட்டையாடும் குறவன் என்னும் இரு உருவங்களாக அது மலைமக்களைச் சுருக்கியது. பின்னர் திருவிழா மேடையில் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் அவ்விருவரும் கொச்சைப் பேச்சுக்கும் ஆபாச அசைவுக்கும் உரிய ஜோடியாயினர். குறவர் சமூகத்தார் நெடுங்காலம் எதிர்த்ததன்பேரில் 2023இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதில் தலையிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் அப்பெயரிலான ஆட்டத்தைத் தடைசெய்து ஆணையிட்டது. கலையை அரசு தடைசெய்வது பொதுவாக ஐயத்துக்குரியது. இந்த ஆணையை மட்டும் ஏற்கத் தயங்க வேண்டியதில்லை, ஏனெனில் பரண்மேல் வள்ளிக்குக் கிடைத்த பதில் சொல்லும் உரிமை அந்த ஆட்டத்தில் குறத்திக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை; அவளுடைய பெயர் இருந்தது, அவள் சமூகத்தார் யாரும் அங்கே பேசவில்லை.

பதில் சொல்ல இடம் உண்டா என்ற இந்தக் கேள்வியையே அளவுகோலாகக் கொண்டால், எல்லாப் பழைய நாடகங்களும் தப்பிவிடுவதில்லை. ‘அல்லி அர்ச்சுனா’ அத்தகையது. மதுரையை ஆளும் அல்லி, ஆண்வாடையே ஆகாதென்று வாழும் அரசி. அர்ச்சுனன் அவள்மேல் ஆசைகொண்டு, கண்ணனின் துணையோடு பாம்பாகி அவள் படுக்கையை அடைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தபின் அவள் சீறுகிறாள், படை திரட்டுகிறாள், எல்லாம் செய்கிறாள். ஆயினும் கழுத்தில் விழுந்த கயிறு அவளை மனைவியாக்கிவிட்டது என்பதை நாடகம் ஒரு கணமும் ஐயுறுவதில்லை. தர்க்கம் தாலிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருப்பதால் அது வெறும் ஆற்றாமையாகிறது. இக்காட்சியை நடிகையின் வாய்வன்மையோ மெட்டின் அழகோ காப்பாற்றிவிட முடியாது. தூங்கும் பெண்ணின் சம்மதம் என்ற ஒன்றைக் கதை எண்ணிப்பார்க்கவே இல்லை. அன்றைய வழக்கம் அது என்று சொல்லி நகர்ந்துவிடவும் முடியாது, ஏனெனில் ஆண் துணையின்றி ஆளும் பெண்ணை அதே கதைதான் முதலில் கற்பனை செய்திருக்கிறது. கற்பனை செய்த பிறகு அதற்கு அஞ்சியிருக்கிறது.

‘அரிச்சந்திரா’வின் இடர் வேறு இடத்தில் இருக்கிறது. மனைவியைக் காசியில் விலைகூறி விற்கும் கணவன் என்பதுதான் உடனே கண்ணில் படும். அதனினும் ஆழமாகப் புதைந்திருப்பது மயான காண்டம். வாய்மைக்காக நாடிழந்து, மனைவி மகனை இழந்து, மன்னன் வீழ்ச்சியின் கடைசிப் படிக்கு வந்துவிட்டான் என்பதைக் காட்ட நாடகம் அவனை மயானத் தலைவன் வீரபாகுவின் அடிமையாக்கிச் சுடுகாட்டில் நிறுத்துகிறது. அவலத்தின் எல்லை என்று மேடை காட்டும் அந்தச் சுடுகாட்டு வேலையைத்தான், மேடைக்கு முன்னால் அமர்ந்திருப்போரில் சிலருடைய தந்தையும் பாட்டனும் அன்றாடம் செய்துவந்தார்கள். தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர் சமூகங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைவில் கொண்டால், எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் மயான காண்டம் நடிக்கப்படுவதன் பொருள் சமவெளி அக்கிரகாரத்தில் நடிக்கப்படுவதன் பொருளாக இருக்க முடியாது. வாய்மை பேசும் நாடகம் இந்த ஒரு இடத்தில் தன் பார்வையாளரிடமே வாய்மை தவறுகிறது.

நந்தனார் கதை இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது. பெரிய புராணத்துத் திருநாளைப்போவார் கதையில் இல்லாத வேதியர் என்னும் நில உடைமையாளரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் படைத்தார். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய அந்நூலுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதை உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். தயக்கத்துக்குக் காரணம் இலக்கணப் பிழைகள். ஒரு காலத்தின் விழுமியம் ஒரு நூலின் எந்தப் பக்கத்தைப் பார்த்துக் கோபப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. சாதிக் கொடுமை அப்போது யாருடைய எழுதுகோலையும் தடுக்கவில்லை, சந்திப்பிழை தடுத்தது. சிதம்பரம் போக விடுப்புக் கேட்கும் பண்ணையாளுக்கு, ஒரே இரவில் நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்று ஆண்டை விதிக்கும் நிபந்தனை, தஞ்சைப் பண்ணையடிமை முறையை மேடையில் கொண்டுவந்து நிறுத்தியது. மலையகத் தோட்டத்தில் குறித்த அளவு கொழுந்து பறித்தால்தான் ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’; பேர் என்றால் ஒருநாள் சம்பளம். அந்தக் கணக்கில் உழன்றவருக்கு நாற்பது வேலி என்பது புராண மிகையாகத் தோன்றியிராது.

ஆனால் அந்த நிபந்தனையிலிருந்து நந்தன் விடுபடுவது இறைவனின் அற்புதத்தால். கோயிலுள் புகுவது தீயில் மூழ்கித் தூய்மை பெற்ற பிறகு. அவன் உடல் அப்படியே உள்ளே செல்லத் தகாதது என்பதைப் பக்தியும் ஒப்புக்கொள்கிறது. இதற்குத் தமிழ் மேடை தந்த பதில் நீக்கமோ தடையோ அன்று, மற்றொரு நாடகம். இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய ‘நந்தன் கதை’ அத்தீயை ஆதிக்கச் சாதியார் வகுத்த சதியாகக் காட்டியது. அதற்கு முன்பே, 1935இல், கே.பி. சுந்தராம்பாள் என்னும் பெண் திரைப்படத்தில் நந்தனாராக வேடமேற்க, கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடித்தார். பழைய நாடகத்தை இன்று மேடையேற்ற விரும்புவோர் அதன் பக்கத்தில் அதற்கான பதிலையும் மேடையேற்றுவதே நேர்மை. இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்த ஊர் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும்.

இதுவரை சொன்னது பாத்திரங்களைப் பற்றி. பாத்திரத்தை ஏற்று நடிப்பவரைச் சமூகம் நடத்திய விதம் பெரும்பாலான விமர்சனங்களில் இடம்பெறுவதில்லை. ஸ்பெஷல் நாடகக் கலைஞரிடையே ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலர் சூசன் சைசர், 2005இல் வெளிவந்த தம் நூலில், பொதுவெளியில் அயல் ஆண்களோடு நடிப்பதாலேயே நடிகைக்கு ஏற்படும் களங்கத்தை விரிவாக ஆராய்ந்தார். நாடகத் தொடக்கத்தில் பபூனும் நடனக்காரியும் நிகழ்த்தும் காட்சியில் இருவரும் தற்செயலாக மோதிக்கொள்வதும், அதைத் தொடரும் இரட்டைப் பொருட்பேச்சும் மரபு. அம்மோதலில் சிரிப்பு முழுவதும் அவள்மேல் விழுகிறது. மேடையைவிட்டு இறங்கிய பிறகும் விழுந்துகொண்டே இருக்கிறது. பரண்மேல் நின்று ஆண்குலத்தையே வாதத்தில் மடக்கிய அதே பெண், விடிந்ததும் பேருந்து நிலையத்தில் முக்காடிட்டு ஒதுங்கி நிற்க நேர்வதைவிட, சங்கரதாஸ் சுவாமிகளின் எந்தப் பாட்டும் இன்றைய விழுமியத்துக்கு முரணாக இல்லை.

மூன்றாவது மரபான காமன் கூத்து இந்த வகையில் மாறுபட்டது. பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றோடு சேர்த்து மலையகத் தமிழரின் முக்கூத்துகளுள் ஒன்றாக எண்ணப்படும் இது, மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றித் தொடங்கும். பௌர்ணமியை ஒட்டிச் சிவன் மன்மதனை எரிப்பதில் உச்சம்பெறும். ரதியாகவும் மதனாகவும் ஆடுவோர் ஆடவரே. தேவர்கள் ஏவியபடி சிவனின் தவத்தைக் கலைக்கக் கிளம்பும் மதனை ரதி தடுக்கிறாள், இங்கும் தர்க்கம். அவள் சொல்வதெல்லாம் சரியென்று பொட்டலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும், அவன் கேளாமல் போய் எரிவான் என்பதும் தெரியும். தஞ்சைப் பகுதியில் இக்கதையை ஒட்டியே எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு அணி பிரிந்து லாவணி பாடுவது மரபு. கடவுள் செய்த செயலையே இரவெல்லாம் விவாதத்துக்கு உட்படுத்திய சமூகம் அது. மேலிடத்து ஆணையால் அனுப்பப்பட்டு, திரும்பிவராத கணவனுக்காகப் புலம்பும் பெண்ணின் கதை, கங்காணிகளால் திரட்டப்பட்டுக் கடல்கடந்து, பின் இரு அரசுகளின் ஒப்பந்தத்தால் மறுபடி கடல்கடந்த மக்களுக்கு ஏன் உரியதாயிற்று என்பதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் காமன் கூத்தை இயக்குவது தப்பு. தோல் வாத்தியமான தப்பு, விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது ஆள்கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பவும் ஒலித்தது, சாவுக்கும் ஒலித்தது. அதை அடிப்பது ஒரே சாதியாரின் கடமை என்ற ஏற்பாட்டைத் தோட்டமும் ஊரிலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தது. ரதியின் புலம்பலில் பெண்ணின் துயரைக் கண்டு நெகிழும் விமர்சகர், அப்புலம்பலுக்கு அடி கொடுப்பவர் விரும்பி அடிக்கிறாரா, அடித்தே ஆகவேண்டியவராக அடிக்கிறாரா என்பதையும் கேட்டால்தான் அவருடைய அளவுகோல் முழுமையாகும். அண்மைப் பத்தாண்டுகளில் படித்த இளைஞர்கள் தப்பு எனப்படும் பறையைத் தாமே கையிலெடுத்துக் கல்லூரி மேடைகளில் அடிப்பது, அதே அடியைக் கடமையிலிருந்து கலைக்கு மாற்றிவிட்டது. அடி மாறவில்லை, யார் சொல்லி அடிப்பது என்பது மாறியிருக்கிறது.

அரசு இதுபோன்ற வேறுபாடுகளைக் கண்டதில்லை. ஆங்கிலேயர் 1876இல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசுக்கெதிரான மேடையை அடக்கவே பிறந்தது. அதன் வழியில் சென்னை மாநிலத்தில் 1954இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் அதற்கு உடனடிக் காரணமாக இருந்தது. பழைய காவியத்தைப் புதிய விழுமியத்தால் விசாரித்ததுதான் அந்நாடகம் செய்த குற்றம். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தள்ளியது. பழையதைப் புண்படாமல் காப்பதற்கென்று ஆறு பத்தாண்டுகள் சட்டம் இருந்தது. பழையதால் புண்பட்டவர் சார்பில் முதல் ஆணை பிறக்க 2023 ஆயிற்று.

இனி மலையின் சொந்த மரபு. கோத்தர் இரும்பும் மரமும் மண்பாண்டமும் செய்வோர். கொள் என்னும் குழலும், கொம்பும், பறையும் கொண்ட அவர்களுடைய இசைக்குழு, மலையின் வேளாண் சமூகத்தாரான படகரின் சாவுச் சடங்குகளிலும் தோடரின் சடங்குகளிலும் வாசித்து, கைம்மாறாகத் தானியமும் எருமையும் பெற்றது. தலைமுறைகளாக நடந்த இந்தக் கொடுக்கல்வாங்கலை நீலகிரி வாழ்வின் இலட்சிய இணக்கமாகச் சில நூல்கள் வரைந்தன. 1930களில் அது உடைந்தது. இறந்த விலங்கின் ஊனை உண்பவர் என்று கோத்தரைத் தாழ்வாக எண்ணிய படகரில் சீர்திருத்தம் பேசிய பிரிவினர், கோத்தர் இசை இனி நம் சாவுக்கு வேண்டாம் என்றனர், பழைய வழக்கத்தை விட மாட்டோம் என்ற பிரிவினர் எதிர்த்தனர், கைகலப்பும் நடந்தது. 1937–38இல் அங்கே களப்பணி செய்த மானிடவியலர் டேவிட் மாண்டல்பாம் இதை எழுதியிருக்கிறார். அதே காலத்தில் கோத்தருள் சுள்ளி என்ற ஆசிரியர், முடியைக் கத்தரிப்பது முதல் உணவு வழக்கங்கள்வரை தம் மக்கள் மாற வேண்டும் என்று வாதாடி, தம்மவரின் பகையைத் தேடிக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது, புதிய விழுமியத்தின் பெயரால் முதலில் பேசியவர்கள் இசையைக் கேட்டவர்களே, வாசித்தவர்கள் அல்லர் என்பது. தூய்மை என்ற பழைய அளவுகோலே சீர்திருத்தம் என்ற புதிய பெயரில் அங்கே வந்தது. எனவே ‘இன்றைய விழுமியம்’ என்று ஒருவர் நீட்டும் கோல் உண்மையில் இன்றையதுதானா என்று சோதிப்பதும் தேவையாகிறது. பின்னர் கோத்தரே, பிறர் சாவுக்குப் போய் வாசிப்பது தங்களுக்கு இழுக்கு என்ற முடிவுக்கு வந்தனர். இரண்டு தரப்பும் ஒரே வழக்கத்தைக் கைவிட்டன, காரணங்கள் நேரெதிரானவை. முதல் தரப்பின் காரணம் இன்று யாரும் வெளிப்படையாகச் சொல்லத் துணியாதது. இரண்டாம் தரப்பின் காரணம், குறத்தியின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கில் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதும், மயான காண்டத்தின் முன்னால் அமர்ந்திருந்தோர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததும் ஆகும்.

படகர் சாவுகளுக்கு இப்போது பெரும்பாலும் வேறு வாத்தியக்காரர் வருகின்றனர். கோத்தரின் இசை அழியவில்லை. அவர்களுடைய ஏழு ஊர்களிலும், மார்கழி–தையில் வரும் கோயில் திருவிழாவுக்கும் தம்மவர் சாவுக்கும் கொள்ளும் கொம்பும் பறையும் ஒலிக்கின்றன. எப்போது வாசிப்பது, யாருக்கு வாசிப்பது என்பதை வாசிப்போரே முடிவு செய்கின்றனர்.